இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள்களை வெட்டுவதில் மின்திறன் நுகர்வு: வளைகுடாப் பணிக்களங்களை முன்வைத்து ஓர் அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வானூர்திப் பாகங்கள், கடல்நீர்க் குழாய்கள், படகுகள், கட்டுமானக் கம்பிகள் எனப் பல வடிவங்களில் இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள்கள் வளைகுடா நாடுகளில் உருவாக்கப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வருகின்றன. இவற்றை வெட்டவும் துளையிடவும் செலவாகும் மின்திறன் எங்கே செல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வெட்டுமுனையில் செலவாகும் திறன் மொத்த நுகர்வில் மிகச் சிறிய பங்கே என்பதும், தூசு உறிஞ்சலும் காற்றைக் குளிரூட்டலுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பதும் எளிய கணக்கீட்டின் வழி காட்டப்படுகின்றன. மின்சிக்கனம் என்ற பெயரில் தூசு உறிஞ்சலைக் குறைப்பது ஏன் தவறு என்பதும், சிக்கனத்தையும் தொழிலாளர் நலத்தையும் ஒருங்கே பேணும் வழி எது என்பதும் இறுதியில் கூறப்படுகின்றன.

1. முன்னுரை

அபுதாபி அமீரகத்தின் உள்நாட்டு நகரமான அல் ஐனில், முபாதலா நிறுவனத்திற்கு உரியதாக 2009-இல் நிறுவப்பட்ட ஸ்ட்ராட்டா தொழிற்சாலை, ஏர்பஸ், போயிங் நிறுவனங்களின் வானூர்திகளுக்குக் கரிமஇழைக் கூட்டுப்பொருளால் ஆன பாகங்களைச் செய்து அளிக்கிறது. சவூதி அரேபியாவின் தம்மாமிலும் அமீரகத்தின் துபாயிலும் தலைமையகம் கொண்ட குழாய் நிறுவனங்கள், கடல்நீர்க் குடிநீராக்க ஆலைகளுக்கும் கழிவுநீர்த் திட்டங்களுக்கும் கண்ணாடியிழைக் குழாய்களை வழங்குகின்றன. உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் எஃகு அரிக்கப்படுகிறது, கண்ணாடியிழை அரிக்கப்படுவதில்லை. வளைகுடாவில் இப்பொருள் வேரூன்றியதற்கு இதுவே முதற்காரணம். சவூதியின் ஜீசான் பகுதியில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வெள்ளநீர்க் கால்வாயின் கற்காரையில் எஃகுக் கம்பிக்கு மாற்றாகக் கண்ணாடியிழைக் கம்பி இடப்பட்டதும் இக்காரணத்தாலேயே.

அச்சில் வார்த்தெடுத்த கூட்டுப்பொருள் அப்படியே பயன்பாட்டிற்கு வந்துவிடுவதில்லை. ஓரங்களைச் சீராக வெட்ட வேண்டும். தறையாணிகளுக்குத் துளையிட வேண்டும். குழாய்களை அளவுக்கு அறுத்து முனையைச் சாய்க்க வேண்டும். இப்பணிகளில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற தமிழர்களும் ஈடுபட்டுள்ளனர். எனினும் இப்பொருளை வெட்டும்போது நிகழ்வது என்ன, மின்சாரம் எங்கே செலவாகிறது, தூசு ஏன் அவ்வளவு தீங்கானது என்பவற்றைத் தமிழில் ஒருங்கே கூறும் எழுத்து அரிது. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

பொருளுக்குள் நுழையும் முன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒரு வேலையைச் செய்யும் இயல்பை ‘ஆற்றல்’ என்றும், அவ்வேலை நடைபெறும் வீதத்தைத் ‘திறன்’ என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் முன்னதைச் ‘சக்தி’ என்றும் பின்னதை ‘வலு’ என்றும் வழங்குகின்றன. அந்நாட்டு அமைச்சின் பெயரிலேயே ‘மின்வலு’ என்ற சொல் முன்னர் இடம்பெற்றிருந்தது. வளைகுடாவில் இவ்விரு மரபிலும் பயின்றோர் ஒரே பணிக்களத்தில் நிற்கின்றனர். பேச்சுவழக்கிலோ இவையனைத்தையும் ‘கரண்ட்’ என்ற ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. மின்னோட்டம், திறன், ஆற்றல் ஆகிய மூன்றும் அச்சொல்லுக்குள் வேறுபாடின்றிக் கலந்து கிடக்கின்றன.

இக்குழப்பம் வெறும் சொற்குழப்பம் அன்று. ‘இந்த வேகத்தில் ஓட்டினால் கரண்ட் அதிகம்’ என்று ஒருவர் கூறும்போது, அவர் கூறுவது அக்கணத்தின் திறனையா, பணி முடியும் வரை செலவாகும் ஆற்றலையா என்பது தெளிவாவதில்லை. விரைந்து வெட்டும்போது திறன் கூடும். பணி விரைவில் முடிவதால் ஆற்றல் குறையவும் கூடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்லக்கூடியவை. மேலும் ‘இழை வலுவூட்டிய’ என்ற தொடரில் வரும் ‘வலு’ பொருளின் உறுதியைக் குறிப்பது. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றித் திறன், ஆற்றல் என்ற சொற்களைக் கையாளுகிறது. இலங்கை வாசகர்கள் இவற்றை முறையே வலு, சக்தி எனக் கொள்க.

கூட்டுப்பொருள் என்பது இழையும் பிசினும் சேர்ந்தது. கரிமஇழை ஒன்றின் விட்டம் 5 முதல் 8 மைக்ரோமீட்டர் அளவினது. கண்ணாடியிழை பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். இழை சுமையைத் தாங்குகிறது. பிசின் இழைகளைப் பிணைத்து நிறுத்துகிறது. தமிழர்க்கு இது புதிய கருத்தன்று. பனைமரத்தின் வைரத்தில் கறுத்த இழைகள் மென்மையான சோற்றுப்பகுதியில் பதிந்து நிற்பதைப் பனங்கை அறுத்த தச்சர் அறிவர். அவ்விழைப் போக்கில் கோடரியை இட்டால் மரம் பிளந்துகொடுக்கும்; குறுக்கே அறுத்தால் வாள் திணறும்; எதிர்வாகில் இழைத்தால் சிலாம்பு எழும். கூட்டுப்பொருளை வெட்டும் அறிவியல் முழுவதும் இம்மூன்று அனுபவங்களின் விரிவே எனலாம்.

3. வெட்டுமுனையில் நிகழ்வது

எஃகையோ அலுமினியத்தையோ வெட்டும்போது உலோகம் நெகிழ்ந்து வழுக்கி, சுருளாகச் சீவப்பட்டு வெளியேறுகிறது. செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி இந்நெகிழ்விலும், சுருள் வெட்டுமுனையின்மேல் உராய்வதிலும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தின் பெரும்பங்கைச் சுருளே சுமந்து சென்றுவிடும்.

கூட்டுப்பொருளில் நிகழ்வது வேறு. இழை நெகிழ்வதில்லை, முறிகிறது. சுருளுக்கு மாறாகத் தூளே கிடைக்கிறது. முறிந்த இழை முனைகள் வெட்டுமுனை கடந்து சென்றதும் மீள்தன்மையால் நிமிர்ந்தெழுந்து, அதன் அடிப்பக்கத்தில் உராய்கின்றன. இவ்வுராய்வில் கணிசமான திறன் செலவாகிறது. தூள் வெப்பத்தை அதிகம் சுமப்பதில்லை. பிசினும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே வெப்பம் வெட்டுமுனையிலும் வெட்டிய ஓரத்திலும் தேங்குகிறது. வானூர்திகளில் பயன்படும் எப்பாக்சிப் பிசின்கள் பெரும்பாலும் 120 முதல் 200 பாகை செல்சியசுக்குள் இளகத் தொடங்குபவை. அவ்வெல்லையைத் தாண்டினால் இழையின் பிடி தளர்ந்து ஓரம் சிதைகிறது.

இழையின் திசையே இங்குத் தலைமையான மாறி. வெட்டும் திசைக்கும் இழைக்கும் இடைப்பட்ட கோணம் சுழியாக இருப்பின், இழைகள் பிசினிலிருந்து உரிக்கப்படுகின்றன. கோணம் செங்குத்தாகும்போது ஒவ்வோர் இழையும் குறுக்கே நசுக்கி முறிக்கப்படுகிறது. 90 பாகையைக் கடந்து எதிர்வாகாகும்போது, இழை வளைந்து, வெட்டும் தளத்திற்குக் கீழே ஆழத்தில் முறிந்து பள்ளம் விழுகிறது. 1971-இல் எவர்ஸ்டைனும் ரோஜர்சும் இழைப்போக்கில் வெட்டுவதற்கான முதல் கணிதக் கோட்பாட்டை அளித்தனர். 1983-இல் கோப்லெவ் முதலியோர் கரிமஇழைப் பொருளில் தூளும் விசையும் உருவாகும் முறையை ஆய்ந்து காட்டினர். அதே பதிற்றாண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கிருஷ்ணமூர்த்தி, சந்தானகிருஷ்ணன், மல்கோத்ரா ஆகியோர் கண்ணாடியிழை, கரிமஇழைப் பொருள்களின் வெட்டுதகவை ஆராய்ந்தனர். பின்னர் சென்னையில் பழனிகுமார், கருணாமூர்த்தி முதலியோர் கண்ணாடியிழைப் பொருளைக் கடைவதில் வேகம், ஊட்டு, இழைக்கோணம் ஆகியவற்றின் விளைவை விரிவாக அளந்தனர். தமிழ்நாட்டில் விளைந்த இவ்வறிவு ஆங்கில ஆய்விதழ்களில் நிலைபெற்றது. கருவியைக் கையில் பிடிக்கும் தமிழரிடம் தமிழில் வந்து சேரவில்லை.

4. திறனை அளக்கும் முறை

ஒரு கன மில்லிமீட்டர் பொருளை நீக்கத் தேவைப்படும் ஆற்றலைத் தன்வெட்டாற்றல் எனலாம். அலுமினியத்திற்கு இது ஏறத்தாழ 0.4 முதல் 1.1 ஜூல், எஃகு வகைகளுக்கு 2 முதல் 9 ஜூல் வரை. கூட்டுப்பொருளுக்கு இதை ஒரே எண்ணாகக் கூற இயலாது. இழைத்திசை, சீவலின் தடிப்பு, முனையின் கூர்மை ஆகியவற்றைப் பொறுத்து இது பல மடங்கு மாறும். சீவல் மெல்லியதாக ஆக ஆகத் தன்வெட்டாற்றல் உயரும். முனை வெட்டுவதைக் காட்டிலும் தேய்ப்பது மிகுவதே இதன் காரணம். மழுங்கிய அரிவாள்மனையில் காய் நறுக்குவோர் அறிந்த உண்மை இது.

தன்வெட்டாற்றலை, ஒரு நொடியில் நீக்கப்படும் பொருளின் கன அளவால் பெருக்கினால் வெட்டும் திறன் கிடைக்கும். இதனை எந்திரத்தின் மொத்தத் திறனிலிருந்து பிரித்தறிவது முக்கியமானது. மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டிமோதி குட்டௌஸ்கியும் அவர்தம் குழுவினரும் 2006-இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தனர். எந்திரம் இயங்கும் நிலையிலேயே எடுத்துக்கொள்ளும் நிலைத்திறன் ஒன்று. வெட்டும் அளவைப் பொறுத்து அதன்மேல் கூடும் திறன் மற்றொன்று. அவர்கள் எடுத்துக்காட்டிய வாகன உற்பத்தி எந்திரமொன்றில், உச்ச நிலையிலும் ஏறத்தாழ 15 விழுக்காடே வெட்டலுக்குச் சென்றது. எஞ்சியது எக்கிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் பிற துணைக் கருவிகளுக்கும் ஆனது.

5. வளைகுடாவின் கணக்கு

மேற்கண்ட பகுப்பு உலோகம் வெட்டும் குளிர்நாட்டுப் பணிக்களத்திற்கு ஏற்றது. வளைகுடாவில் கூட்டுப்பொருள் வெட்டும் கூடத்திற்கு மேலும் இரு செலவுகளைச் சேர்க்க வேண்டும். ஒன்று தூசு உறிஞ்சல், மற்றொன்று குளிரூட்டல். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தூசோடு சேர்த்து வெளியேற்றப்படும் காற்று, ஏற்கெனவே குளிரூட்டப்பட்ட காற்று. அதன் இடத்தை நிரப்ப வெளியிலிருந்து வெப்பக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதனை மீண்டும் குளிர்விக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இதில் வரும் எண்கள் எந்த ஓர் ஆலையிலும் அளந்தவை அல்ல, விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள கரிமஇழைத் தகட்டை, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருவுகருவியால், நிமிடத்திற்கு 600 மில்லிமீட்டர் ஊட்டில் வெட்டுவதாகக் கொள்வோம். நொடிக்கு 600 கன மில்லிமீட்டர் பொருள் நீங்குகிறது. தன்வெட்டாற்றல் 1 ஜூல் எனில், வெட்டும் திறன் 0.6 கிலோவாட். எந்திரத்தின் நிலைத்திறன் 5 கிலோவாட் என்க.

தூசு உறிஞ்சி நொடிக்கு 1 கன மீட்டர் காற்றை 2,500 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் இழுக்கிறது. அதன் திறமை 60 விழுக்காடு. இதற்கு ஏறத்தாழ 4.2 கிலோவாட் தேவை. வெளியே 42 பாகை, உள்ளே 24 பாகை எனில், உள்ளே வரும் அந்த 1 கன மீட்டர் காற்றை 18 பாகை குளிர்விக்க நொடிக்கு நொடி 21.7 கிலோவாட் வெப்பத்தை நீக்க வேண்டும். ஓர் அலகு மின்சாரம் மூன்று அலகு வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டி இதற்கு 7.2 கிலோவாட் மின்திறனை எடுத்துக்கொள்ளும். எந்திரமும் வெட்டலும் கூடத்திற்குள் உமிழும் 5.6 கிலோவாட் வெப்பத்தை நீக்க மேலும் 1.9 கிலோவாட் ஆகும்.

இவற்றைத் தொகுத்தால் கிடைப்பது:

வெட்டல்: 0.6 கிலோவாட்
எந்திரத்தின் நிலைத்திறன்: 5.0 கிலோவாட்
தூசு உறிஞ்சி: 4.2 கிலோவாட்
உள்வரும் காற்றைக் குளிர்வித்தல்: 7.2 கிலோவாட்
கூடத்தின் உள்வெப்பத்தை நீக்கல்: 1.9 கிலோவாட்
மொத்தம்: 18.9 கிலோவாட்

வெட்டுமுனையில் செலவாவது மொத்தத்தில் 3 விழுக்காட்டைச் சற்றே கடந்தது மட்டுமே. வெட்டும் விசையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் அருமையான கருவி கிடைத்தாலும், மொத்த மின்கணக்கில் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. துபாய், சார்ஜா போன்ற கடலோர நகரங்களில் கோடைக்காற்றின் ஈரப்பதத்தை நீக்கும் செலவும் சேர்வதால், குளிரூட்டலின் பங்கு இன்னும் உயரும்.

6. இரு அலைவெண்களின் நிலம்

வளைகுடாவிற்கே உரிய மற்றொரு கூறு மின்சாரத்தின் அலைவெண். அமீரகம், ஓமன், கத்தார், பஹ்ரைன், குவைத் ஆகிய நாடுகளில் அது 50 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். 2001-இல் அமைக்கப்பட்ட வளைகுடா மின்னிணைப்பு ஆணையம் 2009-இல் இந்நாடுகளின் மின்தொகுப்புகளை இணைக்கத் தொடங்கியபோது, சவூதியின் அல் ஃபாதிலியில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மீண்டும் மாறுமின்னோட்டமாக்கும் நிலையத்தை நிறுவ நேர்ந்தது இவ்வேறுபாட்டினாலேயே.

இவ்வேறுபாடு பணிக்களத்தையும் தொடுகிறது. நான்கு முனைத் தூண்டல் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 50 ஹெர்ட்சில் நிமிடத்திற்கு 1,500 சுற்று. 60 ஹெர்ட்சில் 1,800 சுற்று. மோட்டாரோடு நேரே இணைந்த அறுவை வட்டு தம்மாமில் சுழலும் வேகம் சார்ஜாவில் சுழலும் வேகத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மிகுதி. கையால் ஊட்டும் வேகம் மாறாதிருப்பின், ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவல் மெலிந்து, தேய்ப்பு மிகுந்து, ஓரம் சூடேறும்.

காற்றாடிக்கு விளைவு இன்னும் பெரிது. காற்றாடி எடுக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறுவது. வேகம் 1.2 மடங்கானால் திறன் 1.73 மடங்காகும். இதன் மறுபக்கமே கவனத்திற்குரியது. 60 ஹெர்ட்சுக்காக வடிவமைத்த தூசு உறிஞ்சியை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் இயக்கினால், காற்றோட்டம் 83 விழுக்காடாகக் குறையும். திறன் 58 விழுக்காடாகக் குறையும். மின்கணக்கு சிக்கனம் என்று காட்டும். தூசோ முழுமையாக உறிஞ்சப்படாமல் தொழிலாளியின் மூச்சில் கலக்கும். அளவி காட்டும் எண் நல்லதாகவும் நிகழ்வது தீயதாகவும் அமையும் இடம் இது.

7. திறன் காட்டாத சேதம்

இத்தகைய மற்றோர் இடம் துளையிடல். துளைகருவி தகட்டின் அடிப்பக்கத்தை நெருங்கும்போது, எஞ்சியிருக்கும் மெல்லிய அடுக்குகளைக் கீழ்நோக்கித் தள்ளிப் பிரித்துவிடுகிறது. இவ்வடுக்குப்பிரிவு மேலிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாது. எஞ்சிய தடிப்பைப் பொறுத்து ஓர் எல்லை அழுத்துவிசை உண்டு என்றும், அதனைக் கடந்தால் பிரிவு தொடங்கும் என்றும் 1990-இல் ஹோச்செங்கும் தரனும் நிறுவினர்.

இவ்விசையைத் திறனளவியால் அறிய முடியுமா? 100 நியூட்டன் அழுத்துவிசை, நொடிக்கு 10 மில்லிமீட்டர் ஊட்டில் செய்யும் வேலையின் வீதம் வெறும் 1 வாட். அதே நேரத்தில் 0.5 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை, நிமிடத்திற்கு 6,000 சுற்றில் எடுக்கும் திறன் 314 வாட். பொருளைக் கெடுக்கும் விசை திறன் கணக்கில் முந்நூறில் ஒரு பங்காகவே தென்படுகிறது. எனவே ‘திறன் குறைவு, ஆகவே வெட்டு நல்லது’ என்ற முடிவு துளையிடலில் செல்லாது. சுழல்தண்டின் மோட்டாரைத் தனியாக அளந்து, வெறுமனே சுழலும்போது எடுப்பதைக் கழித்துப் பார்த்தால், கருவி தேய்வதைத் திறனின் ஏற்றம் ஓரளவு காட்டும். அதுவும் எச்சரிக்கை மணியே அன்றித் தீர்ப்பன்று. தகட்டின் அடியில் தாங்குபலகை வைப்பதும், கருவி வெளியேறும் தறுவாயில் ஊட்டைக் குறைப்பதும் இதற்குரிய நடைமுறைக் காப்புகள்.

8. விரைவும் வீணாதலும்

நிலையான செலவுகளே பெரும்பங்கு எனில், பணியை விரைந்து முடிப்பதே சிக்கனம் என்று தோன்றும். கணக்கும் அவ்வாறே சொல்கிறது. முன்னைய எடுத்துக்காட்டில் 3 மீட்டர் ஓரத்தை வெட்ட 5 நிமிடமும் ஏறத்தாழ 1.57 கிலோவாட்-மணியும் ஆகும். ஊட்டை இருமடங்காக்கினால் வெட்டும் திறன் 1.1 கிலோவாட்டாக உயர்வதாகக் கொண்டாலும், இரண்டரை நிமிடத்தில் பணி முடிவதால் 0.81 கிலோவாட்-மணியே செலவாகும். மிச்சம் 0.76 கிலோவாட்-மணி, அதாவது ஏறத்தாழ 2.7 மெகாஜூல்.

இங்கு ஒன்றை மறக்கலாகாது. ஒரு கிலோ கரிமஇழையை உருவாக்கப் பொதுவாக 180 முதல் 290 மெகாஜூல் வரை ஆற்றல் செலவாவதாகக் கணக்கிடப்படுகிறது. 5 கிலோ எடையுள்ள பாகத்தில் 3 கிலோ இழை இருப்பின், கிலோவுக்கு 200 மெகாஜூல் எனக் கொண்டாலும் 600 மெகாஜூல் அதில் உறைந்திருக்கிறது. மின்சாரத்தை அதற்குச் செலவான எரிபொருளின் ஆற்றலாக, அதாவது ஏறத்தாழ இருமடங்காக, மாற்றிக் கணக்கிட்டாலும், விரைவினால் நூறு பாகங்களில் ஒன்று கூடுதலாகக் கழிக்கப்பட்டால் மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். பிசினும் வேகவைக்கும் அழுத்தக்கலனும் எடுத்த ஆற்றலைச் சேர்த்தால், அதைவிடக் குறைந்த கழிவே போதும். ஆகவே விரைவின் எல்லையை மின்னளவி வகுக்க முடியாது. வெட்டிய ஓரத்தின் தரமே வகுக்க வேண்டும்.

9. தூசும் தொழிலாளியும்

தூசு உறிஞ்சலும் அதனால் வரும் குளிரூட்டலும் சேர்ந்து மொத்த நுகர்வில் பாதிக்கு மேல் என்பதை ஐந்தாம் பகுதியில் கண்டோம். செலவைக் குறைக்க விரும்பும் எவர் கண்ணும் முதலில் அங்கேதான் விழும். உறிஞ்சியை நிறுத்தினால் மின்கணக்கு உடனே சரியும். ஆனால் அது சிக்கனமன்று. செலவை மின்கணக்கிலிருந்து மனித உடலுக்கு மாற்றி எழுதுவதாகும்.

கண்ணாடியிழைத் தூசு தோலையும் கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். கரிமஇழைத் தூசு மின்கடத்தி. மின்பெட்டிகளுக்குள் புகுந்தால் குறுக்குச்சுற்று நேரும். பெரிய விட்டமுள்ள கண்ணாடியிழைக் குழாய்களில் சில வகைகளின் நடுச்சுவரில் விறைப்பிற்காகக் குவார்ட்சு மணல் சேர்க்கப்படுகிறது. அத்தகைய குழாயை அறுக்கும்போது எழும் தூசில் படிகச் சிலிக்கா கலந்திருக்கும். அதை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்போர்க்கு நேர்வது நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ். வந்தபின் அதனை மாற்றும் மருத்துவம் இல்லை. கல்குவாரித் தொழிலாளரிடையே நாம் அறிந்த அந்நோய், ‘ஃபைபர் குழாய்’ என்று எளிதாகச் சொல்லப்படும் பொருளுக்குள்ளும் ஒளிந்திருப்பதைப் பலர் அறியார்.

குழாய் பதிக்கும் பணி கூடத்திற்குள் நடப்பதன்று. திறந்த வெளியில் நடப்பது. அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் திறந்தவெளிப் பணி தடைசெய்யப்பட்டிருக்கிறது. எனினும் அந்நேரத்திற்கு வெளியிலும் வெப்பத்தில் முகக்கவசத்தை அணிந்து நிற்பது கடினம், கழற்றிவிடத் தோன்றும். 115 மில்லிமீட்டர் வட்டுள்ள கைக்கிரைண்டர் நிமிடத்திற்கு 11,000 சுற்றில் சுழலும்போது, வட்டின் விளிம்பு நொடிக்கு 66 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் வீசப்படும் நுண்தூசு கண்ணுக்குத் தெரியும் புகையைக் காட்டிலும் நெடுந்தொலைவு பரவும். நீர் தெளித்து அறுப்பதற்கென அமைந்த கருவிகளைக் கொண்டு ஈரப்படுத்தி அறுத்தல் தூசைப் பெருமளவு அடக்கும். சாதாரண மின்கிரைண்டரில் நீர் படுவது மின்தாக்குதலுக்கு வழிவகுக்கும் என்பதையும் உடன் கூற வேண்டும்.

10. இரண்டும் பேணும் வழி

தூசைத் தோன்றுமிடத்திலேயே பிடிப்பதே சிக்கனத்தையும் நலத்தையும் ஒருங்கே தரும் வழி. தூரத்தில் நிற்கும் பெரிய உறிஞ்சுவாய், தூசைப் பிடிக்கக் கூடம் முழுவதன் காற்றையும் இழுக்க வேண்டியிருக்கிறது. வெட்டுமுனையைச் சூழ்ந்த சிறு கவிகைக்கு அதில் கால்பங்கு காற்றே போதுமென்க. குறுகிய குழாயில் இழுக்க அழுத்தம் இருமடங்கு தேவைப்பட்டாலும், உறிஞ்சி எடுப்பது 2.1 கிலோவாட்டாகக் குறையும். உள்வரும் காற்று கால்பங்காவதால் அதனைக் குளிர்விக்கும் செலவு 7.2-இலிருந்து 1.8 கிலோவாட்டாகிறது. மொத்த நுகர்வு 18.9-இலிருந்து ஏறத்தாழ 11.4 கிலோவாட்டாக இறங்கும். ஏறத்தாழ 40 விழுக்காடு மிச்சம். தொழிலாளியின் முகத்தருகே வரும் தூசும் குறையும்.

இதனோடு சேர்த்துச் செய்யத்தக்கவை சில. வெட்டு நிகழாத நேரத்தில் உறிஞ்சியின் வேகத்தை மாற்றியால் தாழ்த்தலாம். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்றாகும். காத்திருக்கும் எந்திரத்தின் துணைக்கருவிகளை நிறுத்தலாம். எந்திரத்தை வாங்கும்போதே அது எந்த அலைவெண்ணுக்கு உரியதென்பதைப் பெயர்ப்பலகையில் பார்த்து உறுதி செய்யலாம். தேய்ந்த கருவியைக் காலத்தே மாற்றலாம். இதனால் மின்மிச்சம் சிறிதே, ஓரத்தின் தரமும் கழிவின் குறைவுமே உண்மையான பயன்.

11. முடிவுரை

கூட்டுப்பொருளை வெட்டுவதில் மின்திறன் நுகர்வு என்பது வெட்டுமுனையின் சிக்கல் மட்டுமன்று. அது கூடத்தின் காற்று, நாட்டின் வெயில், மின்தொகுப்பின் அலைவெண், தொழிலாளியின் மூச்சு ஆகிய அனைத்தும் கூடிய சிக்கல். வெட்டல் எடுப்பது மிகச் சிறிய பங்கு. தூசை உறிஞ்சலும் அதன் பின்விளைவான குளிரூட்டலும் எடுப்பது பெரும்பங்கு. அப்பெரும்பங்கைக் குறைக்கும் வழி உறிஞ்சலை நிறுத்துவதன்று, நெருங்கிப் பிடிப்பது. திறனளவியின் எண் சில இடங்களில் வழிகாட்டும். சில இடங்களில் திசைதிருப்பும். எவ்விடத்தில் எது என்பதைப் பகுத்தறிவதே இத்துறையின் அறிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழில் மருத்துவம் பயிற்றினார். அவர் முன்னின்ற தேவை நோயாளியின் அருகில் நிற்பவர்க்கு விளங்கும் மொழி. இன்று வளைகுடாவின் பணிக்களத்தில் கருவியைப் பிடித்து நிற்பவர்க்கும் அதே தேவை உண்டு. ‘இந்தக் குழாயில் மணல் இருக்கிறது’, ‘இந்த உறிஞ்சி அறுபது ஹெர்ட்சுக்கு உரியது’, ‘திறன் குறைந்தது நல்லதன்று, காற்று குறைந்திருக்கிறது’ என்னும் மூன்று தொடர்களையேனும் அவர் தம் மொழியில் ஐயமின்றிக் கேட்கவும் சொல்லவும் இயல வேண்டும். தமிழ்நாட்டு வழக்கையும் இலங்கை வழக்கையும் அருகருகே தரும் ஒரு சிறு கையேடு, எளிய படங்களோடு, இத்தொழிலுக்கென உருவாக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை இம்மாநாட்டின் முன்வைக்கும் பரிந்துரை.